தன்னம்பிக்கையின் சிகரம்

— "இடுப்பு படைத்த மானுடர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: குனிந்த குலம் நிமிரும் காலம் கனிந்துவிட்டது. இன்று மாலை சரியாக ஐந்து மணிக்கு, நமது முதுகு மறுவாழ்வு நிலையத்தின் மைய மண்டபத்தில், பன்னிரண்டே வாரங்களில் தம் முதுகின் வலிமையை மூன்று மடங்காகப் பெருக்கிக்கொண்ட மாமனிதர் ஒருவர் மேடையேறி, ஐம்பது கிலோ எடையுள்ள பெட்டியைத் தம் இரு கரங்களால் தூக்கிக் காட்டுவார். உலகம் பார்க்கட்டும். முதுகெலும்புள்ள எவரும் வருக." மாமனிதர்னு போட்டிருக்கே, அது நான்தான். கேட்டியா மச்சினி?

— கேட்டேன் அத்தான். காலையிலேர்ந்து மைக்ல மூணு தடவை ஓடிடுச்சு. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு இந்த மெஷின்ல உக்காருங்க.

— முதுகெலும்புள்ள எவரும் வருகன்னு எழுதியிருக்காரே உங்க பெரிய டாக்டர். முதுகெலும்பு ஒழுங்கா இருக்கறவன் இங்க எதுக்கு வரப்போறான்?

— அதை அவர்கிட்ட கேளுங்க. உக்காருங்க.

— மணி ஒண்ணரை. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. மூலையில அந்த எலும்புக்கூடு மட்டும்தான் இருக்கு, அதுக்கும் கழுத்துல ரிப்பன் கட்டி விழாவுக்கு ரெடி பண்ணி வெச்சிருக்காங்க. இந்த நேரத்துல என்னைத் தனியா வரச் சொன்னப்பவே நெனச்சேன். என்ன விஷயம்?

— ஒரு டெஸ்ட். கடைசியா ஒண்ணு. அஞ்சு நிமிஷம்.

— அதான் போன வாரமே எடுத்தாச்சே. முதுகு தள்ற பலம் நூத்தி எண்பத்தெட்டு. மொத நாள் வந்தப்ப அறுபத்திரண்டு. பெரிய டாக்டர் இதை அதால வகுத்துப் பாத்துட்டு, மூணு மடங்குன்னு சொல்றப்ப எழுந்தே நின்னுட்டாரு மனுஷன். நீயும் பக்கத்துலதானே நின்னே.

— நின்னேன். ஆனா அந்த ரிப்போர்ட்ல நான் இன்னும் கையெழுத்துப் போடலை.

— ஏன், பேனா இல்லையா?

— பேனா இருக்கு.

— இத பாரு. நான் விளையாட்டுக்குப் பேசலை. திங்கக்கிழமை காலையில அந்தக் காகிதம் எங்க கிடங்கு மேனேஜர் மேசைல இருக்கணும். பன்னெண்டு வாரம் டைம் குடுத்தான். மெஷின்ல நூத்தம்பது தாண்டினா பழையபடி லோடு ஏத்துற வேலை, தாண்டலைன்னா வேற ஆள்னு எழுதியே குடுத்தான். அந்த வேற ஆள் போன வாரம் வந்து பாத்துட்டே போயிட்டான். ரெட்டைக் கதவு ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடிச்சு, பின்னாடி போயி ஒரு நோட்டம், முன்னாடி வந்து ஒரு நோட்டம். பொண்ணு பாக்க வந்தவன் கெட்டான். நான் கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதிக்கிட்டே பாத்துட்டிருந்தேன்.

— தெரியும். அக்கா சொன்னா. அதனாலதான் கூப்பிட்டேன்.

— அப்ப கையெழுத்தைப் போடு.

— வாசல்ல பேனர் பாத்தீங்களா?

— பாக்காம? அஞ்சடி உயரத்துல என் மூஞ்சி. பல் தேய்க்கிற பவுடருக்கு விளம்பரம் குடுக்கறவன் மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல மெஷின் வரைஞ்ச என் கோடு.

— அந்தக் கோட்டைப் பத்திதான் பேசணும். ஆரம்பத்துல ஒரு மேடு இருக்கே, கவனிச்சீங்களா?

— ஒட்டகத்து முதுகு மாதிரி. அதுக்கு அவர் பேரே வெச்சுட்டாரு. தன்னம்பிக்கையின் சிகரம். பேனர்ல அம்புக்குறி போட்டு எழுதியிருக்கு. இனிமே நிலையத்தோட சின்னமே அதுதானாம், கடுதாசித் தலைப்புல, ரசீதுல, நர்ஸுங்க சட்டைப் பையில எல்லாம் அந்த மேட்டைப் போடப் போறாங்களாம். என் முதுகு ஒரு முத்திரை ஆகப்போவுது தாயி.

— முதுகுக்கு அப்படி மேடு வராது அத்தான்.

— எப்படி வரும்?

— மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். அதுதான் அதோட சுபாவம். எடுத்த எடுப்புல எகிறினா அது முதுகு இல்லை, கால். கால் பலகையை உதைச்சு, இடுப்பைப் பின்னாடி தூக்கி, பின்பக்கத்தால தள்றது. அதுக்குத்தான் அந்த மேடு.

— ஓகோ. நாப்பது வருஷம் படிச்ச பெரிய டாக்டருக்குத் தெரியாத மேடு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— தெரிஞ்சுது.

— அதான் எப்படின்னு கேக்கறேன்.

— முதல்ல உக்காருங்க அத்தான். நின்னுக்கிட்டே இருந்தா உங்களுக்கு வலிக்கும்.

— எனக்கு எங்க வலிக்குது? சரி, உக்காந்தேன். போதுமா? இது ஒரு நாற்காலியா, பல் பிடுங்கறதா, மின்சாரம் பாய்ச்சறதான்னு மொத நாளே கேட்டேன். தொடைக்கு மேல ஒரு பெல்ட்டு, முழங்காலுக்கு ஒரு திண்டு, இடுப்புக்குப் பின்னாடி ஒரு உருளை, தலைக்கு ஒரு முட்டு. ஒரு மனுஷனை நிமிர்த்தறதுக்கு இத்தனை பேர் சேர்ந்து அமுக்கணுமா?

— அமுக்கத்தான் வேணும். இந்த மெஷின்ல விஷயமே அந்த பெல்ட்தான். தொடையும் இடுப்பும் அசையாம பூட்டிட்டா முதுகு தனியா மாட்டிக்கும். வேற வழி இல்லாம அதுவே தள்ளணும். பூட்டலைன்னா காலும் பின்பக்கமும் ஓடி வந்து அதோட வேலையைச் செஞ்சு குடுத்துடும். மெஷினுக்கு யார் தள்றாங்கன்னு தெரியாது. நம்பரைக் காட்டும்.

— நல்ல மெஷின். எங்க மேனேஜர் மாதிரி.

— மொத நாள் பெரிய டாக்டரே உங்களுக்குக் கட்டினார். ஞாபகம் இருக்கா, எந்த ஓட்டைல?

— ஏழு. மூச்சு முட்டுச்சு.

— அதுக்கப்புறம் உங்களை எங்கிட்ட விட்டாங்க. அன்னிலேர்ந்து நான் உங்களுக்கு ஒரு நாள்கூட பெல்ட் கட்டினதில்லை.

— நீ எப்படிக் கட்டுவே? கட்டியிருந்தா நான்தான் விட்டிருப்பேனா?

— மத்தவங்க எல்லாருக்கும் நான்தான் கட்டறேன். நேத்துகூட ஒரு கண்டக்டருக்குக் கட்டினேன், ஒரு தையல்கார அம்மாவுக்குக் கட்டினேன். உங்களுக்கு மட்டும், அக்கா புருஷனாச்சே, தொடைக்கு மேல குனிஞ்சு எப்படிக் கட்டறதுன்னு கூச்சம். திரும்பி நின்னு ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு, கட்டிட்டீங்களா அத்தான்னு கேப்பேன். நீங்க ஆச்சும்மான்னு சொல்லுவீங்க.

— கட்டத்தானே செஞ்சேன்.

— எந்த ஓட்டைல?

— ஓட்டை எண்ணவா வந்தேன்?

— ஆளுக்கொரு பெல்ட், பேர் எழுதி ஆணியில மாட்டியிருக்கோம். உங்களோடதை நேத்து எடுத்துப் பாத்தேன். ஏழாவது ஓட்டை கடையிலேர்ந்து வந்த மாதிரி அப்படியே இருக்கு. மூணாவது ஓட்டை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

— உங்க அக்காகிட்ட சொன்னியா?

— இல்லை.

— நான் திட்டம் போட்டுச் செய்யலை, அதை மட்டும் நம்பு. ரெண்டாவது வாரம் இதே இடத்துல முதுகு பிடிச்சுக்கிட்டு விழுந்தேனே. பல்லி மாதிரி தரையில ஒட்டிக்கிட்டுக் கிடந்தேன். அப்பவும் இதே மாதிரி ஒருத்தரும் இல்லை. தொண்ணூறு கிலோ, நீ ஒத்தை ஆளா அக்குள்ல கை குடுத்துத் தூக்கி உக்கார வெச்சே. லோடு ஏத்த வந்திருக்க வேண்டிய ஆளு நீ, தப்பா இங்க வந்துட்டேன்னு நான்கூடக் கிண்டல் பண்ணேன்.

— ஞாபகம் இருக்கு.

— அதுக்கு அடுத்த வாரம் ஏழாவது ஓட்டைல கட்டப் போனா உசுரு போச்சு. சரின்னு அஞ்சுக்குத் தளர்த்தினேன். நம்பர் ஏறுச்சு. நீ திரும்பிப் பாத்து, பரவாயில்லையே அத்தான்னு சிரிச்சே. ரெண்டு மாசமா என்னைப் பாத்து யாரும் சிரிக்கலை தெரியுமா? அப்புறம் நாலுக்கு வந்தேன். பெரிய டாக்டர் வந்து தோள்ல தட்டினார். மூணுக்கு வந்தேன், பேனர் அடிச்சுட்டாங்க. ரெண்டுக்குப் போயிருந்தா வாசல்ல சிலை வெச்சிருப்பாங்க.

— பத்து வாரமா உங்க முதுகு சும்மா உக்காந்திருந்துச்சு. உழைச்சதெல்லாம் காலும் பின்பக்கமும்.

— ஒருத்தன் உழைக்க இன்னொருத்தன் பேர் வாங்கறது எங்க கிடங்குல புதுசா? அதுக்குத்தானே அங்க மேனேஜருக்கு ஒரு கண்ணாடி ரூம் கட்டி வெச்சிருக்காங்க.

— சிரிக்க முடியலை அத்தான். சாயங்காலம் மேடையில ஐம்பது கிலோ எப்படித் தூக்குவீங்க?

— அதைப் பத்தி நீ கவலைப்படாதே.

— எப்படி?

— வாட்ச்மேன் நம்ம ஆளு. பெட்டில மேல நாலு பழைய ஃபைல் கட்டு தெரியும். கீழ பூரா தெர்மோகோல். மூணு கிலோ வந்தா அதிகம். நான் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, கழுத்து நரம்பை விடைச்சுத் தூக்கினா சனம் கை தட்டிட்டுப் போயிடும். கை தட்டறதுக்குன்னு வந்தவங்க பெட்டியைப் பிரிச்சா பாக்கப் போறாங்க?

— மேடைக்குத் தெர்மோகோல். திங்கக்கிழமைக்கு?

— திங்கக்கிழமையும் தெர்மோகோல் இருக்கும். ஃப்ரிட்ஜுக்கு மேல சுத்தியிருப்பான்.

— உள்ள ஃப்ரிட்ஜ் இருக்கும்.

— இருக்கும்தான். அதை அன்னிக்குப் பாத்துக்கலாம்.

— போன தடவை வாஷிங் மெஷினை மூணாவது மாடித் திருப்பத்துல வெச்சுப் பாத்துக்கிட்டு முதுகு போனது போதாதா? ஸ்கேன் பாத்த டாக்டர் என்ன சொன்னார்? முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு மேல உக்காந்திருக்கு, இன்னொரு தடவை அதே மாதிரி ஆச்சுன்னா கால் போயிடும்னு சொன்னாரா இல்லையா?

— டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பயமுறுத்தலைன்னா ஃபீஸ் வாங்க அவங்களுக்கே கூச்சமா இருக்கும்.

— பேப்பர் கீழ விழுந்துடுச்சு பாருங்க.

— எது? ஓ, அறிவிப்பு. அப்பப்பா, இதுவாவது நிம்மதியா படுத்திருக்கு. எடுத்துக் குடு. மடிப்புக் கலையாம வெச்சிருங்கன்னு உங்க டாக்டர் ரெண்டு தடவை சொன்னாரு, மேடையில மறுபடி படிக்கணுமாம்.

— நீங்க எடுங்க.

— நானா?

— மூணு மடங்கு முதுகு. ஒரு பேப்பர். என்ன, இருபது கிராம் இருக்குமா?

— இப்பப் புரியுது. இதுதான் நீ சொன்ன டெஸ்ட்டா? கில்லாடிதான் நீ. ஆனா பாரு, புது ஷூ போட்டிருக்கேன். மேடைக்குன்னு நிலையத்துல வாங்கிக் குடுத்தது. வெறுங்காலா இருந்தா விரல்லயே கவ்வி எடுத்திருப்பேன்.

— அக்கா சொன்னா. வீட்டுல இப்பல்லாம் எல்லாத்தையும் கால் விரல்லதான் எடுக்கறீங்களாம். துண்டு, சாவி, ரிமோட்டு.

— அது ஒரு கலை. சும்மா வந்துடாது.

— வலது கால்ல மட்டும்தான் எடுக்கறீங்களாமே.

— ஏன், ரெண்டு கால்லயும் எடுத்தா யார் நிக்கறது?

— இடது பக்கமா விழுந்த சாவியைக்கூட சுத்தி வந்து வலது கால்ல எடுத்தீங்களாம். அக்கா அதைச் சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. இடது கட்டை விரலைத் தூக்கிக் காட்டுங்க.

— ஷூ போட்டிருக்கேன்னு சொன்னேனே.

— கழட்டாமலே தூக்குங்க. ஷூ நுனி அசையும், நான் பாக்கறேன்.

— அசையலையா?

— இல்லை.

— தூக்கறேனேம்மா. தூக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— எப்பலேர்ந்து அத்தான்?

— ரெண்டு மாசம் இருக்கும். மொதல்ல மரத்த மாதிரி இருந்துச்சு. செருப்பு கழண்டு போறது தெரியாது, பத்தடி போயி திரும்பிப் பாத்தா அது தனியா உக்காந்திருக்கும். அப்புறம் பழகிடுச்சு. உங்க அக்காவுக்குத் தெரியாது. அவகிட்ட சொல்லாதே. அவ ராத்திரி தூங்கறதே ரெண்டு மணி நேரம்.

— ரெண்டு மாசமா வாரா வாரம் இங்க வந்து உக்காந்தீங்க. என்கிட்ட சொல்லலை.

— சொன்னா நீ மெஷினை நிறுத்திடுவே.

— நிறுத்தியிருப்பேன்.

— அப்ப நூத்தி எண்பத்தெட்டு எங்கேர்ந்து வரும்? எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு. இருபத்தாறு வருஷமா தூக்கறதைத் தவிர ஒண்ணும் கத்துக்கலை. ஒரு வீட்டு வாசல்ல போயி நின்னா, இந்த பீரோ இந்தப் படில எப்படித் திரும்பும்னு பாத்த உடனே சொல்லுவேன். அதை எந்த மெஷின்ல போட்டு நம்பர் எடுப்பீங்க? கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதற வேலை எனக்கு முன்னாடி யார் பாத்தா தெரியுமா? ஒருத்தரும் பாக்கலை. என்னை உக்கார வைக்கறதுக்காகப் போட்ட ஸ்டூல் அது. நான் எழுதி முடிச்சதும் அந்த நோட்டை யாரும் திறந்துகூடப் பாக்கறதில்லை. ஒரு நாள் வேணும்னே எல்லா வண்டிக்கும் என் போன் நம்பரை எழுதி வெச்சேன். கேக்க ஆள் இல்லை.

— அத்தான், நான் இப்ப பெல்ட் கட்டப் போறேன். நானே. அக்காகிட்ட காலையில சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— என்னன்னு சொன்னே?

— அத்தானுக்கு இன்னிக்கு நான் பெல்ட் கட்டப் போறேன்னு.

— அவ என்ன சொன்னா?

— இறுக்கிக் கட்டுன்னா.

— நல்ல குடும்பம்.

— இருங்க, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கறேன். உக்காந்தாதான் எட்டும்.

— என்ன முனகுறே?

— ஸ்டூல் சத்தம்.

— ஸ்டூல் அம்மான்னா சொல்லும்?

— பேசாம இருங்க. அஞ்சு. ஆறு. மூச்சை விடுங்க. ஏழு. வலிக்குதா?

— கேள்வியைப் பாரு.

— இப்ப கால் பலகை. முழங்கால் மேல ஏறும், பயப்படாதீங்க.

— ஏன் சக்கரத்தைக் காலால சுத்தறே? கைப்பிடி வெச்சிருக்கானே.

— பழக்கம்.

— பெரிய டாக்டர் கையால சுத்தினாரு. பய பக்தியோட சுத்தினாரு, ரேடியோல ஸ்டேஷன் பிடிக்கற மாதிரி.

— இடுப்பை ஆட்டிப் பாருங்க.

— ஆடலை. சிமெண்ட்ல நட்ட மாதிரி இருக்கு.

— இப்ப முதுகால மட்டும் பின்னாடி மெதுவா அழுத்துங்க. ஒரே அடியா உதைக்காதீங்க. எங்கயாவது சுளீர்னா உடனே விட்டுடுங்க, வீராப்பு வேண்டாம். நான் ஸ்கிரீன் பக்கம் திரும்பலை. உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

— ம்ம்.

— நாலு. விடுங்க. போதும், விடுங்க அத்தான்.

— எவ்வளவு?

— மூச்சு வாங்குது உங்களுக்கு. தண்ணி தரட்டுமா?

— எவ்வளவுன்னு கேட்டேன்.

— அறுபத்தி நாலு.

— மொத நாள் அறுபத்திரண்டு.

— ஆமா.

— ரெண்டு கூடியிருக்கு.

— கூடியிருக்கு.

— பன்னெண்டு வாரத்துக்கு ரெண்டு. ஆறு வாரத்துக்கு ஒண்ணு. அதையும் பேனர்ல போடச் சொல்லேன். மேடு இருக்கா?

— இல்லை. மெதுவா ஏறி மெதுவா இறங்கியிருக்கு. மொத நாளுக்கப்புறம் உங்க முதுகு போட்ட கோடு இது ஒண்ணுதான்.

— இத பாரு தாயி. கெஞ்சிக் கேக்கறேன். நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்லை, எந்த வீட்டுலயும் தூக்குக்கூலிக்கு மேல ஒரு பைசா கேட்டதில்லை. இந்த ஒரு தடவை பழைய நம்பரையே எழுதிடு. நான் பாத்து வேலை செய்யறேன். கனமானதை மத்தவங்ககிட்ட விட்டுட்டு மிக்சி, ஃபேன், இந்த மாதிரி தூக்கிக்கறேன். மெஷின் சொன்னதைத்தான் எழுதினேன்னு நீ சொல்லிக்கலாம். பொய்யும் இல்லை. மெஷின் சொன்னதுதானே?

— உங்க லாரிலேர்ந்து மிக்சி மட்டும் எப்ப இறங்குச்சு?

— இறங்காதுதான்.

— திங்கக்கிழமை முதல் ஃப்ரிட்ஜைத் தூக்கறப்ப உங்க மேல பாதி எடை இருக்கும். இன்னொரு பாதியை யாராவது பிடிச்சிருப்பாங்க. உங்க இடது கால் படியைத் தேடும், படி இருக்கறது அதுக்குத் தெரியாது. நீங்க ஃப்ரிட்ஜோட வருவீங்க. கீழ நிக்கறவர் மேல. அதுக்கு மேல நான் யோசிக்கலை, யோசிக்க முடியலை. மூணு நாளா இதுவேதான் கண்ணுல ஓடுது. கீழ நிக்கறவருக்கும் ஒரு மச்சினி இருப்பா. ரெண்டு நிமிஷம் குடுங்க. எழுதிடறேன்.

— என்ன எழுதறே? படிச்சாவது காட்டு. உங்க டாக்டர் மாதிரி இடுப்பு படைத்த மானுடரேன்னு ஆரம்பிச்சுடாதே.

— அளவு அறுபத்தி நாலு. பெல்ட் ஏழாவது ஓட்டையில் கட்டி எடுத்தது. முதல் நாளுக்குப் பிறகு இதுவரை எடுத்த அளவுகள் எல்லாம் பெல்ட் தளர்வாக இருந்தபோது எடுத்தவை. பெல்ட்டைக் கட்டிச் சரிபார்ப்பது பிசியோவின் பொறுப்பு. பிசியோ அதைச் செய்யவில்லை. இடது கால் கட்டை விரல் தூக்க முடியவில்லை, நரம்பு மருத்துவர் இன்றே பார்க்க வேண்டும். பயிற்சி முறையாக நடக்காததால், மருத்துவர் பார்த்த பிறகு இன்னும் பன்னிரண்டு வாரம் தேவை. அதுவரை எடை தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

— நான் தளர்த்தினேன்னு எழுதலையே.

— கட்ட வேண்டியது நான். தப்பு நிலையத்து மேலன்னு இருந்தா உங்க மேனேஜர் அதுக்குள்ள ஆளை மாத்த முடியாது. நீங்க அந்த ஸ்டூல்லயே உக்காந்து வண்டி நம்பர் எழுதலாம்.

— என் போன் நம்பர்.

— உங்க போன் நம்பர்.

— இதை நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினா உங்க பெரிய டாக்டர் உன்னைச் சும்மா விடுவாரா? வாசல்ல அஞ்சடிக்கு மேடு நிக்குது. சாயங்காலம் உலகமே பாக்க வருது.

— அனுப்பிட்டேன் அத்தான். எழுதின உடனே போன்ல படம் எடுத்து, படிச்சுக் காட்டறதுக்கு முன்னாடியே.

— அடிப்பாவி. அப்ப படிச்சுக் காட்டினது?

— மரியாதைக்கு.

— சரி. விடு. என் கதை என்னவோ ஆகட்டும். பன்னெண்டு வாரம் கிடைச்சுது, வெயில்ல கெடக்கறதுக்கு ஸ்டூலாவது இருக்கு. உனக்கு என்ன ஆகும்? திட்டுவாரு. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாரு. அந்த மேட்டு மேல சத்தியம் பண்ணி நாலு பக்கம் விளக்கம் எழுதச் சொல்லுவாரு. அவ்வளவுதானே?

— எல்லாருக்கும் பெல்ட்டை இறுக்கிக் கட்டி மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க. அது நிச்சயம்.

— எடுக்கட்டுமே. கண்டக்டருக்கும் தையல்கார அம்மாவுக்கும் நீதானே ஒழுங்கா கட்டினே. பயப்பட என்ன இருக்கு?

— எல்லாருக்கும்னா இங்க வேலை பாக்கறவங்களுக்கும்தான்.

— உங்களுக்குக்கூட டெஸ்ட் உண்டா?

— வருஷத்துக்கு ஒண்ணு. ஆளைத் தூக்கி உக்கார வைக்கற வேலையாச்சே. நூத்தி இருபதுக்கு மேல இருந்தாதான் ஒப்பந்தத்தை நீட்டிப்பாங்க. போன மாசம் எடுத்தோம். எங்களுக்கு யாரும் பெல்ட் கட்டிவிட மாட்டாங்க, நாங்களே கட்டிக்குவோம்.

— உனக்கு எவ்வளவு வந்துது?

— நூத்தி முப்பத்தஞ்சு.

— அப்புறம் என்ன? என்னை மாதிரி ரெண்டு பேரைத் தூக்கலாம் நீ. சும்மா என்னைப் பயமுறுத்திட்டியே. முதல்ல இந்த பெல்ட்டைக் கழட்டு, அப்படியே அந்தப் பேப்பரை எடுத்துக் குடு. அவர் கேட்டு வாங்கறப்ப செருப்புத் தடம் இல்லாமலாவது இருக்கட்டும். கொஞ்சம் குனிஞ்சா குறைஞ்சா போயிடுவே?

— என் கோட்டுலயும் அதே மேடு இருக்கு அத்தான். அன்னிக்கு உங்களைத் தூக்கினதுலேர்ந்து ஒரு பேப்பரைக்கூட என்னாலயும் குனிஞ்சு எடுக்க முடியாது.